வரிசையில் பிறக்கும் ரப்பர்

ஸ்டைரீன் 30 பங்கு, பியூட்டாடையீன் 70 பங்கு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து, சங்கிலியில் எது எங்கே அமர்ந்தாலும் சரி என்று விட்டுவிட்டால் கிடைப்பது எஸ்.பி.ஆர். வகைச் செயற்கை ரப்பர். டயர்களில் பெருமளவு சேர்வது அந்த வகைதான். அதற்குத் தன்னளவில் வலிமை கிடையாது. கந்தகம் சேர்த்து, அச்சில் இட்டு, சூட்டில் வேகவைத்து, சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்த பிறகே அது உதவும் பொருளாகிறது. அப்படி ஒருமுறை வெந்த ரப்பரை மறுபடி உருக்க முடியாது.

அதே 30 பங்கு, அதே 70 பங்கு. இம்முறை ஸ்டைரீனில் பாதியை முதலில் கோக்கிறோம். அது முழுவதும் தீர்ந்த பிறகு பியூட்டாடையீன் அனைத்தையும் கோக்கிறோம். அதுவும் தீர்ந்த பிறகு மீதிப் பாதி ஸ்டைரீனைக் கோக்கிறோம். கிடைக்கும் பொருள் எஸ்.பி.எஸ். அதற்குக் கந்தகம் தேவையில்லை. அறை வெப்பநிலையில் வேகவைத்த ரப்பரைப் போல நீண்டு மீள்கிறது. 170 டிகிரி செல்சியஸில் பிளாஸ்டிக்கைப் போல உருகி அச்சில் பாய்கிறது. ஆறியதும் மறுபடி ரப்பராகிறது. மூலப்பொருள் மாறவில்லை, அளவும் மாறவில்லை. கோத்த வரிசை மட்டுமே மாறியது.

இப்படி வரிசையாகக் கோக்க, வளர்ந்துகொண்டிருக்கும் சங்கிலியின் முனை சாகாமல் காத்திருக்க வேண்டும். அது இயலும் என்று 1956-ல் அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரில் மைக்கேல் ஷ்வார்க் காட்டினார். ஸ்டைரீன் போன்ற ஒற்றைப்படி தீர்ந்ததும் நிற்கும், மேலும் ஊற்றினால் விட்ட இடத்திலிருந்து தொடரும் அந்தச் சங்கிலிகளுக்கு அவர் உயிருள்ள பலபடி என்று பெயரிட்டார். அவரிடம் பயின்ற ரால்ஃப் மில்கோவிச், ஜெஃப்ரி ஹோல்டனுடன் சேர்ந்து, ஷெல் நிறுவனத்தில் அந்த வழியை ரப்பருக்குக் கொண்டுவந்தார். 1965-ல் க்ராட்டன் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது.

ஆய்வகத்தில் 100 கிராம் எஸ்.பி.எஸ். உருவாகும் வழியை, கணக்கு போடுவது முதல் இழுத்து அறுப்பது வரை, இங்கே படிப்படியாகப் பின்தொடர்வோம்.

கணக்கு

முதல் வேலை தாளில் நடக்கிறது. ஒவ்வொரு சங்கிலியிலும் 12,000 மூலக்கூறு எடையுள்ள பாலிஸ்டைரீன் துண்டம், 56,000 எடையுள்ள பாலிபியூட்டாடையீன் துண்டம், மீண்டும் 12,000 எடையுள்ள பாலிஸ்டைரீன் துண்டம் என்று மூன்று துண்டங்கள் வேண்டும். மொத்தம் 80,000. எண்ணிக்கையில் சொன்னால், முனைக்கு 115 ஸ்டைரீன். நடுவே ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட பியூட்டாடையீன்.

உயிருள்ள முறையில் ஒரு தொடக்கி மூலக்கூறுக்கு ஒரு சங்கிலி. ஆகவே 100 கிராம் பொருளை 80,000-ஆல் வகுத்தால் தேவையான தொடக்கியின் அளவு கிடைக்கிறது: 1.25 மில்லிமோல். தொடக்கியான ஈரிணைய பியூட்டைல் லித்தியம் வழக்கமாக சைக்ளோஹெக்சேனில் லிட்டருக்கு 1.4 மோல் செறிவில் விற்கப்படுகிறது. அதில் 0.89 மில்லிலிட்டர் போதும். ஸ்டைரீன் 15 கிராம், பியூட்டாடையீன் 70 கிராம், ஸ்டைரீன் 15 கிராம். கரைப்பானாக சைக்ளோஹெக்சேன் 900 கிராம்.

பியூட்டைல் லித்தியத்தில் பல வகைகள் உண்டு. ஈரிணைய வகையைத் தேர்வதற்குக் காரணம் அதன் வேகம். ஸ்டைரீனைக் கண்டதும் எல்லா மூலக்கூறுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்குகின்றன. ஒன்றாகத் தொடங்கிய சங்கிலிகள் ஒரே நீளத்தில் முடியும். பிந்தித் தொடங்கியவை குட்டையாக நின்றுவிடும்.

புட்டியில் குறித்துள்ள செறிவை அப்படியே நம்புவதில்லை. நாள்பட்ட புட்டியில் ஒரு பகுதி தொடக்கி ஏற்கெனவே சிதைந்திருக்கும். அன்று காலையே தரம்பார்த்து உண்மையான செறிவைக் கண்டு, கணக்கைத் திருத்திக்கொள்கிறார்கள்.

தூய்மை

அடுத்த வேலைதான் நேரத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. ஒரு நீர் மூலக்கூறு ஒரு தொடக்கியைக் கொல்லும். 1.25 மில்லிமோல் நீர் என்பது 22.5 மில்லிகிராம், ஏறக்குறைய அரைத் துளி. கரைப்பானின் பத்து லட்சம் பங்கில் 25 பங்கு ஈரம் இருந்தாலே சங்கிலி ஒன்றுகூடப் பிறக்காது. அதில் பாதி இருந்தால் பாதிச் சங்கிலிகள் பிறந்து, ஒவ்வொன்றும் கணக்கிட்டதைவிட இரண்டு மடங்கு நீளும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் இதே கேட்டைச் செய்கின்றன.

ஆகவே ஒவ்வொன்றும் தனித்தனியே துப்புரவாகிறது. சைக்ளோஹெக்சேன் அலுமினா நிரப்பிய குழாயிலும், ஈரம் உறிஞ்சும் மூலக்கூறு சல்லடை மணிகள் நிரப்பிய குழாயிலும் இறங்குகிறது. ஸ்டைரீன் கால்சியம் ஹைட்ரைடுத் தூளுடன் ஓர் இரவு முழுவதும் கலக்கப்பட்டு, குறைந்த அழுத்தத்தில் வடிக்கப்படுகிறது. இந்த வடிப்பில், இருப்பில் கெட்டியாகாமல் இருக்கச் சேர்த்திருந்த தடுப்பானும் பின்தங்கிவிடுகிறது. பியூட்டாடையீன் −4.4 டிகிரியில் கொதிப்பது. அறையில் அது வாயு. உருளையிலிருந்து வரும் வாயு உலர்த்தும் குழாய்கள் வழியே சென்று, குளிர்ந்த கலனில் நீர்மமாக ஒடுங்கி, எடை பார்க்கப்படுகிறது.

வினை நடக்கும் கலன் 2 லிட்டர் கொள்ளளவுள்ள அழுத்தக் கலன். வெப்பநீர் ஓடும் வெளியுறை, மேலிருந்து இறங்கும் கலக்கி, வெப்பமானி, அழுத்தமானி, ரப்பர் மூடியிட்ட ஊசித் துளை ஆகியவை அதில் பொருத்தப்பட்டிருக்கும். கலனைச் சூடாக்கி வெற்றிடமாக்குவதும், உலர்ந்த ஆர்கான் நிரப்புவதும் மாறிமாறி மூன்று முறை நடக்கின்றன. பிறகு கரைப்பான் இறங்குகிறது. வெப்பநிலை 50 டிகிரிக்கு உயர்த்தப்படுகிறது. இதற்கும் காரணம் உண்டு: நீளமான பாலிஸ்டைரீன் சங்கிலிகள் 34.5 டிகிரிக்குக் கீழே சைக்ளோஹெக்சேனில் விருப்பமின்றியே கரையும். 50-ல் அந்தத் தொல்லை இல்லை.

இத்தனைக்குப் பிறகும் சுவரில் கொஞ்சம் ஈரம் ஒட்டியிருக்கும். அதைத் தீர்க்கும் வழி நேர்த்தியானது. கரைப்பானில் ஸ்டைரீனில் ஒரு சிறு பங்கை மட்டும் இட்டு, தொடக்கியைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். ஒவ்வொரு சொட்டு விழுந்ததும் ஓர் இளமஞ்சள் தோன்றி, கலக்கியின் சுழலில் மறைகிறது. அந்தச் சொட்டு மாசுக்கு இரையாகிவிட்டது. ஒரு கட்டத்தில் மஞ்சள் மறையாமல் நிற்கும். உயிருள்ள ஸ்டைரீன் முனையின் நிறம் அது. கலனில் இனி மாசு இல்லை என்று அந்த நிறமே சொல்கிறது. அதுவரை விட்ட சொட்டுகள் கணக்கில் சேரா.

முதல் துண்டம்

இப்போது 0.89 மில்லிலிட்டர் தொடக்கி, காற்றுப் புகாத ஊசிக்குழலில் அளந்து, ஒரே மூச்சில் செலுத்தப்படுகிறது. தொடர்ந்து 15 கிராம் ஸ்டைரீனில் மீதமிருப்பது முழுவதும் சேர்கிறது. சில நிமிடங்களில் கரைசல் செம்மஞ்சளாகிறது. வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி ஏறி, வெளியுறை நீரால் மீண்டும் 50-க்கு வருகிறது.

இந்த வினையில் ஒற்றைப்படியின் அளவு ஒரு குறிப்பிட்ட கால இடைவெளியில் பாதியாகும். அடுத்த அதே இடைவெளியில் அந்தப் பாதியும் பாதியாகும். பத்து இடைவெளிகள் கடந்தால் 1,024-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். இந்தச் செறிவிலும் வெப்பநிலையிலும் ஒன்றரை மணி நேரம் விட்டால் போதுமானது. அவசரப்பட்டு முன்னதாகவே பியூட்டாடையீனைத் திறந்தால், தீராத ஸ்டைரீன் அடுத்த துண்டத்துக்குள் புகுந்து எல்லையைக் கலங்கடிக்கும்.

இந்தப் படியின் முடிவில் 2 மில்லிலிட்டர் கரைசலை உறிஞ்சி, காற்று நீக்கிய மெத்தனாலில் விடுகிறார்கள். நிறம் அந்த நொடியே போய்விடுகிறது. வெண்தூளாக பாலிஸ்டைரீன் விழுகிறது. மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் வண்ணப்பிரிகைக் கருவியில் அதைச் செலுத்தினால் ஒற்றைச் சிகரம் ஒன்று, ஒடுக்கமாக, 12,000-க்கு அருகே எழ வேண்டும். எடைப்பரவல் 1.05 அளவில் இருந்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது. எல்லாச் சங்கிலிகளும் அச்சு அசலாக ஒரே நீளமாக இருந்தால் அந்த எண் 1 ஆகும்.

நடுத் துண்டம்

பியூட்டாடையீன் 70 கிராம் மொத்தமாக ஊற்றப்படுவதில்லை. அது பலபடியாகும்போது மோலுக்கு ஏறக்குறைய 73 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. முழுவதும் ஒரே நேரத்தில் வினைபுரிந்து, வெப்பம் வெளியேற வழியில்லாமல் போனால் கலனின் சூடு சுமார் 50 டிகிரி உயரும். சைக்ளோஹெக்சேனின் கொதிநிலையே 81 டிகிரிதான். ஆகவே பியூட்டாடையீன் நான்கைந்து பங்குகளாகச் செல்கிறது. ஒவ்வொரு பங்கின் சூடும் தணிந்த பிறகே அடுத்தது திறக்கப்படுகிறது. வெப்பநிலை 60 டிகிரியில் நிறுத்தப்படுகிறது; அழுத்தமானி உயர்ந்து இறங்குவதைக் கொண்டே வினையின் போக்கை அறியலாம்.

முதல் பங்கு சென்றதும் செம்மஞ்சள் வெளிறி, ஏறக்குறைய நிறமற்ற இளமஞ்சளாகிறது. எல்லாச் சங்கிலிகளின் முனையிலும் இப்போது பியூட்டாடையீன் அமர்ந்துவிட்டது என்பது பொருள். ஸ்டைரீன் முனையிலிருந்து பியூட்டாடையீனுக்கு மாறுவது விரைவான மாற்றம். அதனால்தான் நிறமும் சட்டென்று மாறுகிறது.

பியூட்டாடையீன் சங்கிலியில் இரண்டு விதமாகச் சேரலாம். நான்கு கார்பன்களும் முதுகெலும்பில் படுத்தால் சங்கிலி நெகிழ்வாக இருக்கும். இரண்டு மட்டும் முதுகெலும்பில் சேர்ந்து, மற்ற இரண்டும் பக்கக் கிளையாகத் தொங்கினால் விறைப்பு கூடும். சைக்ளோஹெக்சேன் போன்ற முனைவற்ற கரைப்பானில் லித்தியம் தொடக்கியைக் கொண்டு செய்தால் பத்தில் ஒன்பது பங்கு முதல் விதமாகவே சேர்கிறது. அப்படிப்பட்ட பாலிபியூட்டாடையீன் −90 டிகிரி வரையிலும் கண்ணாடிபோல் இறுகாது. ரப்பருக்கு வேண்டிய நடுத் துண்டம் இதுவே. இந்தக் கட்டத்தில் ஈதர் வகைக் கரைப்பான் சிறிதளவு கலந்தாலும் பக்கக் கிளைகள் பெருகிவிடும்.

நேரம் செல்லச் செல்லக் கலக்கி திணறத் தொடங்குகிறது. சங்கிலி நீண்டது ஒரு காரணம். லித்தியம் தாங்கிய முனைகள் கரைசலில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கூட்டாக நிற்பது மற்றொரு காரணம். அதனால் ஒவ்வொரு சங்கிலியும் தன் நீளத்தைப் போல் இரு மடங்கானதாகவே நடந்துகொள்கிறது. நான்கு மணி நேரத்தில் அழுத்தம் அடிமட்டத்தில் நிலைபெறுகிறது. நடுத் துண்டம் முடிந்தது. மீண்டும் 2 மில்லிலிட்டர் மாதிரி, மீண்டும் ஒற்றைச் சிகரம். முதல் துண்டத்தின் சிகரம் இருந்த இடத்தில் மேடு ஏதும் தெரியக் கூடாது. தெரிந்தால் அந்த அளவுக்குச் சங்கிலிகள் வழியில் இறந்துவிட்டன என்று அர்த்தம்.

கடைசித் துண்டம்

மூன்றாவது கோர்வையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பியூட்டாடையீன் முனை ஸ்டைரீனை மெதுவாகவே ஏற்கும். ஏற்ற பிறகோ ஸ்டைரீன் முனை அடுத்தடுத்த ஸ்டைரீன்களை விரைவாகச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே முந்தி மாறிய சங்கிலிகள் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு நீள, பிந்தியவை குட்டையாக நின்றுவிடும். இதைச் சரிசெய்ய இந்தக் கட்டத்தில்தான் டெட்ராஹைட்ரோஃபியூரான் சில மில்லிலிட்டர் சேர்க்கப்படுகிறது. முன் படியில் கேடு செய்திருக்கக்கூடிய அதே ஈதர் இப்போது உதவிக்கு வருகிறது. கூட்டாக நின்ற முனைகளை அது பிரித்துவிடுகிறது, மாற்றம் விரைகிறது. நடுத் துண்டம் முடிந்துவிட்டதால் அதன் அமைப்புக்கு இனி பழுது வராது.

சூட்டை 50 டிகிரிக்கு இறக்கி, கடைசி 15 கிராம் ஸ்டைரீன் சேர்க்கப்படுகிறது. வெளிறிய கரைசலில் செம்மஞ்சள் மீண்டும் ஊறுகிறது. ஒரு மணி நேரத்தில் துண்டம் முடிந்துவிடும். காலையில் ஆரம்பித்தது முதல் கலனின் கண்ணாடிச் சாளரத்தில் தெரிந்தவை மூன்று நிறங்கள்: செம்மஞ்சள், வெளிர் மஞ்சள், மறுபடி செம்மஞ்சள். சங்கிலியின் அமைப்பும் அதே வரிசையில்தான் இருக்கிறது.

முடிப்பும் பிரிப்பும்

காற்று நீக்கிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 1 மில்லிலிட்டர். நிறம் மறைகிறது, கரைசல் நீர்போல் தெளிகிறது. எல்லா முனைகளிலும் லித்தியம் இருந்த இடத்தில் ஹைட்ரஜன் அமர்ந்து, சங்கிலிகள் வளர்ச்சியை முடித்துக்கொள்கின்றன.

பாலிபியூட்டாடையீனில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய இருப்பதால் காற்று பட்டால் நாளடைவில் இறுகிப் பாழாகும். ஆகவே ஆக்சிஜனேற்றத் தடுப்பான் 0.5 கிராம் கரைசலிலேயே கலக்கப்படுகிறது. பிறகு கரைசலை 5 லிட்டர் மெத்தனாலில், வேகமாகக் கலக்கியபடி, மெல்லிய தாரையாக ஊற்றுகிறார்கள். பஞ்சு போன்ற வெள்ளை இழைகள் திரண்டு விழுகின்றன. வடிகட்டி, 40 டிகிரியில் வெற்றிட அடுப்பில் இரண்டு நாள் உலர்த்தி எடுத்தால் 100 கிராமுக்கு மிக அருகில் எடை நிற்கும்.

ஆலையில் மெத்தனால் கிடையாது. கரைசல் கொதிநீரும் நீராவியும் உள்ள தொட்டியில் பீய்ச்சப்படுகிறது. கரைப்பான் ஆவியாகி மீட்கப்படுகிறது. ரப்பர் பொருக்குகளாக நீரில் மிதக்கிறது. பொருக்குகள் பிழிந்து உலர்த்தப்பட்டு மூட்டைக்குப் போகின்றன.

ஆலைகள் கோப்பதிலும் ஒரு குறுக்குவழியைக் கையாள்கின்றன. முழு நீள ஸ்டைரீன் துண்டத்தையும் பாதி நீள பியூட்டாடையீன் துண்டத்தையும் மட்டும் கோத்து, இரண்டு உயிருள்ள முனைகளை டைகுளோரோ டைமெத்தில் சிலேன் கொண்டு இணைத்துவிட்டால் அதே எஸ்.பி.எஸ். கிடைக்கிறது. நேரம் மிச்சம், இரு முனைத் துண்டங்களும் சமமாக அமைவது உறுதி. சிலிக்கன் டெட்ராகுளோரைடைப் போட்டால் நான்கு கைகள் கொண்ட நட்சத்திரச் சங்கிலி உருவாகும். ஆனால் இணைப்பான் கணக்கில் சிறிது தவறினாலும் இணையாத இருதுண்டச் சங்கிலிகள் மிஞ்சும். அவற்றின் கேடு இழுத்துப் பார்க்கும்போது தெரியும்.

படலம் வார்த்தல்

பஞ்சுபோல் விழுந்த பொருளில் உள்ளமைப்பு இன்னும் ஒழுங்குபடவில்லை. அதைப் படலமாக வார்க்க வேண்டும். 10 கிராம் எஸ்.பி.எஸ்., 90 கிராம் டொலுயீன், ஓர் இரவு மெதுவான கலக்கல். தெளிந்த கரைசலை 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள, மட்டம் பார்த்து வைத்த கண்ணாடித் தட்டில் ஊற்றி, மேலே மூடியைச் சிறிது இடைவெளிவிட்டுக் கவிழ்க்கிறார்கள். டொலுயீன் ஏழு நாளில் மெல்ல ஆவியாக வேண்டும். விரைந்து போனால் சங்கிலிகளுக்கு இடம் தேடி அமர நேரம் கிடைக்காது. பிறகு வெற்றிடத்தில் இரண்டு நாள். அடுத்து, நைட்ரஜன் சூழலில் 120 டிகிரியில் ஒரு நாள். ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிமனில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் படலம் தட்டிலிருந்து உரிந்து வருகிறது.

டொலுயீன் இரு துண்டங்களுக்கும் பொதுவான கரைப்பான். ஸ்டைரீன் துண்டத்தை மட்டும் அதிகம் விரும்பும் கரைப்பானில் வார்த்தால், பாலிஸ்டைரீன் தொடர்ச்சியான சட்டமாக உறைந்து படலம் விறைத்துப் போகும். வார்க்கும் கரைப்பானும் ஒரு கருவிதான்.

பிரிந்தும் பிரியாமலும்

அந்த ஏழு நாளில் தட்டுக்குள் நடந்ததை இனிப் பார்க்கலாம். பாலிஸ்டைரீனும் பாலிபியூட்டாடையீனும் ஒன்றோடொன்று கலக்க விரும்பாதவை. சிறிய மூலக்கூறுகளானால் கலப்பினால் கிடைக்கும் ஒழுங்கின்மையின் ஆதாயம் அந்த விருப்பமின்மையை வென்றுவிடும். சங்கிலி நீள நீள அந்த ஆதாயம் சிறுத்துப் போகிறது. ஆகவே இரண்டும் பிரிகின்றன. தனித்தனிச் சங்கிலிகளாக இருந்தால் எண்ணெயும் நீரும் போல இரண்டு அடுக்காக ஒதுங்கியிருக்கும். இங்கே இரண்டும் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டவை. பிரிவு ஒரு சங்கிலியின் நீளத்தைத் தாண்டிப் போக முடியாது. அதனால் நானோமீட்டர் அளவிலேயே நின்று, சீரான வடிவமாக அடுக்கிக்கொள்கின்றன.

எந்த வடிவம் என்பதைப் பங்கின் அளவு முடிவு செய்கிறது. பாலிஸ்டைரீன் கனஅளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் பாலிபியூட்டாடையீன் கடலில் சிறு கோளங்கள். அதற்கு மேல், மூன்றில் ஒரு பங்கு வரை உருளைகள். இரண்டும் சரிபாதியாக நெருங்கினால் மாறிமாறி அடுக்கிய தகடுகள். உருளைக்கும் தகட்டுக்கும் இடைப்பட்ட குறுகிய எல்லையில் ஜைராய்டு என்ற முப்பரிமாணப் பின்னல். நம் படலத்தில் எடையில் 30 சதவீதம் ஸ்டைரீன். பாலிஸ்டைரீனின் அடர்த்தி 1.05, பாலிபியூட்டாடையீனின் அடர்த்தி ஏறக்குறைய 0.9, எனவே கனஅளவில் 27 சதவீதம். உருளைகள்தான்.

கண்ணால் காண்பது

இதைச் சரிபார்க்கப் படலத்தைச் சீவ வேண்டும். அறை வெப்பநிலையில் ரப்பர் நசுங்கும். ஆகவே −100 டிகிரிக்கும் கீழே உறையவைத்து, வைரக் கத்தியில் 60 நானோமீட்டர் தடிமனுள்ள சீவல்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றை ஆஸ்மியம் டெட்ராக்சைடு ஆவியில் வைக்கிறார்கள். கண்ணையும் மூச்சுக்குழாயையும் தாக்கும் கொடிய ஆவி அது. உறிஞ்சு கூண்டுக்கு வெளியே அதைத் திறப்பதில்லை. ஆஸ்மியம் பாலிபியூட்டாடையீனின் இரட்டைப் பிணைப்புகளில் மட்டும் பற்றுகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ரப்பர் கருமையாகவும் பாலிஸ்டைரீன் வெண்மையாகவும் தெரியும்.

குறுக்கே சீவிய இடத்தில் கரும்பரப்பில் வெள்ளைப் புள்ளிகள் தேன்கூட்டு ஒழுங்கில் நிற்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஓர் உருளையின் வெட்டுமுகம். விட்டம் சுமார் 15 நானோமீட்டர். மையத்துக்கு மையம் சுமார் 30. ஒரு மில்லிமீட்டர் நீளக் கோட்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உருளைகள். 1970-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆண்ட்ரூ கெல்லரும் அவருடைய குழுவினரும் குழாய்வழியே பிதுக்கி எடுத்த எஸ்.பி.எஸ். கம்பியில், இந்த உருளைகள் எல்லாம் ஒரே திசை பார்த்து, ஒற்றைப் படிகம்போல் அணிவகுத்திருப்பதைக் காட்டினார்கள்.

இழுத்துப் பார்த்தல்

படலத்திலிருந்து இருதலை அகன்று இடை குறுகிய பட்டைகள் வெட்டப்பட்டு, இழுவைப் பொறியின் இரு தாடைகளில் பிடிக்கப்படுகின்றன. இழுக்க இழுக்கப் பட்டை நீள்கிறது: இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு. நடுவே விட்டால் பெரும்பாலும் பழைய நீளத்துக்கே திரும்புகிறது. அறுமுன் தாங்கும் தகைவு 25 முதல் 30 மெகாபாஸ்கல். கார்பன் கரி சேர்க்காமல் கந்தகத்தில் மட்டும் வேகவைத்த எஸ்.பி.ஆர். இதன் அருகில்கூட வராது.

காரணம் உள்ளமைப்பிலேயே இருக்கிறது. பாலிஸ்டைரீன் உருளைகள் 90 டிகிரிக்கு அருகே வரை கண்ணாடிபோல் இறுகியவை. ஒரு சங்கிலியின் ஒரு முனை ஓர் உருளையிலும் மறுமுனை அடுத்த உருளையிலும் புதைந்தால், நடுவேயுள்ள ரப்பர் துண்டம் பாலமாகிறது. இரு முனைகளும் ஒரே உருளைக்குள் திரும்பினால் அது வளையம். வளையங்களும் வீணல்ல, ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு அவையும் சுமை தாங்குகின்றன. கந்தகம் செய்யும் குறுக்கிணைப்பு வேலையை உருளைகளே செய்கின்றன. கார்பன் கரி செய்யும் வலுவூட்டலையும் அவையே செய்கின்றன.

இப்போது வரிசையை மாற்றிப் பார்க்கலாம். பியூட்டாடையீனை இரு முனைகளிலும், ஸ்டைரீனை நடுவிலும் கோத்த சங்கிலியில் எடைப் பங்கு அதே 30, 70. அதிலும் உருளைகள் உருவாகின்றன. ஆனால் ரப்பர் துண்டங்களின் ஒரு முனை மட்டுமே நங்கூரத்தில் இருக்கிறது, மறுமுனை ஆடுகிறது. இழுத்தால் அவை ஒன்றையொன்று உருவிக்கொண்டு நழுவும். வலிமை இல்லை. இருதுண்டச் சங்கிலிகளின் கதையும் இதுவே. இணைப்பான் கணக்குத் தவறி அவை மிஞ்சினால் படலம் வலுவிழப்பது இதனால்தான்.

அதிரவைத்து, சூட்டை மெல்ல ஏற்றி, விறைப்பை அளக்கும் கருவியிலும் இந்த அமைப்பு பதிவாகிறது. எஸ்.பி.ஆர். வரைபடத்தில் ஒரே ஒரு மாற்றம், −50 டிகிரிக்கு அருகே. எஸ்.பி.எஸ். வரைபடத்தில் இரண்டு: ஒன்று −90-க்கு அருகே ரப்பருக்கு உரியது; மற்றொன்று 90-க்கு அருகே பாலிஸ்டைரீனுக்கு உரியது. இவ்விரண்டுக்கும் இடையே விறைப்புக் கோடு நீண்ட சமவெளியாக ஓடுகிறது. அந்தச் சமவெளிதான் பொருள் பயன்படும் எல்லை. மேல் எல்லையை நெருங்கும் முன்பே, 60, 70 டிகிரியிலிருந்து நங்கூரங்கள் தளரத் தொடங்கும். டயர் போன்ற சூடேறும் பொருள்களுக்கு எஸ்.பி.எஸ். உதவாமல் போவது அதனால்.

இரண்டு நீட்சிகள்

இரட்டைப் பிணைப்புகள் வெயிலிலும் சூட்டிலும் கெடும் என்ற குறைக்குத் தீர்வு, அவற்றை ஹைட்ரஜனால் நிரப்புவது. நிக்கல் அல்லது கோபால்ட் வினையூக்கி கொண்டு, ஹைட்ரஜன் அழுத்தத்தில் இது நடக்கிறது. இங்கே ஒரு முன்யோசனை வேண்டும். பக்கக் கிளைகள் குறைந்த பாலிபியூட்டாடையீனை நிரப்பினால் பாலித்தீன்போல் படிகமாகி விறைத்துவிடும். ஆகவே நடுத் துண்டத்தைக் கோக்கும்போதே ஈதர் சேர்த்து, பக்கக் கிளைகளை 40 சதவீத அளவுக்கு உயர்த்திக்கொள்கிறார்கள். எஸ்.பி.எஸ்.ஸில் தவிர்த்த செயல் இங்கே முதல் விதியாகிறது. கிடைக்கும் எஸ்.இ.பி.எஸ். மென்மையான கைப்பிடிகளுக்கும் மருத்துவக் குழாய்களுக்கும் போகிறது.

மற்றொன்று சாலை. எஸ்.பி.எஸ். பொருக்குகளை 180 டிகிரியில் உருகிய தாருடன், பல்சக்கர ஆலையில் அரைத்துக் கலக்கிறார்கள். தாரிலுள்ள எண்ணெய்ப் பகுதியை ரப்பர் துண்டங்கள் உறிஞ்சி, தம் கனஅளவைப் போல் பல மடங்கு ஊதுகின்றன. அதனால் எடையில் 5 சதவீத அளவு சேர்ந்தாலே தார் முழுவதும் ஒரு ரப்பர் வலை பரவுகிறது. வெயிலில் வழியாமலும் குளிரில் வெடிக்காமலும் அந்த வலை தாரைப் பிடித்துவைக்கிறது. இந்தியாவில் இத்தகைய தாருக்கான தர அளவு ஐ.எஸ். 15462.

மறுபடியும் அச்சில்

கடைசிச் சோதனை எளியது. அறுந்த பட்டைகளைச் சேகரித்து, கத்தரியால் நறுக்கி, இரண்டு தகடுகளுக்கு நடுவே 1 மில்லிமீட்டர் சட்டத்தில் இட்டு, 170 டிகிரியில் அழுத்துப் பொறியில் ஐந்து நிமிடம் வைக்கிறார்கள். உருளைகள் இளகுகின்றன, புதைந்திருந்த முனைகள் விடுபட்டு இடம் மாறுகின்றன, துண்டுகளின் எல்லைகள் கரைந்து ஒன்றாகின்றன. 200 டிகிரியைத் தாண்டினால் ரப்பர் துண்டங்கள் தங்களுக்குள் ஒட்டி இறுகும் என்பதால் சூடு அதற்குக் கீழேயே நிறுத்தப்படுகிறது. பிறகு தகடுகளின் வழியே குளிர்ந்த நீர். 90 டிகிரிக்குக் கீழே வந்ததும் உருளைகள் மீண்டும் இறுகுகின்றன.

சட்டத்தைப் பிரித்தால் பழையபடி ஒரு முழுத் தகடு. அதில் ஒரு பட்டை வெட்டி, அதே தாடைகளில் பிடித்து இழுத்தால், மறுபடியும் எட்டு மடங்கு நீள்கிறது. சூட்டில் சங்கிலிகள் இடம் மாறின, பிடி மாறின; ஸ்டைரீன், பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்று கலனில் கோத்த வரிசை மட்டும் கலையவில்லை.